சுமத்ராவுல பத்துனா கிள்ளான்ல ஏன் இருமணும்?

கேள்வி: ஐயா, ஜூலை ஆகஸ்ட் வந்தாலே எங்க ஊர்ல புகைமூட்டம். மக போன்ல சாட்டிலைட் படம் காட்டுறா, எனக்கு எல்லாமே மேகமாத்தான் தெரியுது. எது புகைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?
- வாசகி, கிள்ளான்

பதில்: கலரப் பாருங்கம்மா. மேகம் நல்ல வெள்ளை, ஓரம் தெளிவா இருக்கும். புகை நீலம் கலந்த சாம்பல், அடியில கடலும் கரையும் மங்கலா தெரியும், எங்க முடியுதுன்னே சொல்ல முடியாது. அதுலயும் குழப்பம்னா அது எங்க ஆரம்பிக்குதுன்னு தேடுங்க, சுமத்ராவோட ரியாவ் மாநிலத்துப் பக்கம் ஒரு இடத்துல குறுகலா கிளம்பி வர வர விசிறி மாதிரி விரிஞ்சு மலாக்கா நீரிணையத் தாண்டி உங்க பக்கம் வந்தா சந்தேகமே வேணாம். தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசம்ல, வேற எங்க போகும்!

ஜப்பானோட ஹிமாவாரி சாட்டிலைட் பூமிக்கு மேல 36,000 கிலோமீட்டர் உயரத்துலேர்ந்து 10 நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்குது. அத வரிசையா ஓட்டிப் பாத்தா புகை நகர்றது நல்லா தெரியும். முடிஞ்சா சாயங்காலப் படமா பாருங்க, வெயில் சாய்வா படும்போதுதான் மெல்லிசு புகைகூட பளிச்சுன்னு தெரியும், உச்சி வெயில் படத்துல பாதி காணாமப் போயிடும். ராத்திரி சூட்ட வச்சு எடுக்குற படத்துல புகை அனேகமா தெரியவே தெரியாது.

கேள்வி: படத்துல சிவப்புப் புள்ளி நாலஞ்சுதான் இருக்கு, இங்க கண்ணு எரியுது. எப்படி சார்?
- வாசகர், ஜொகூர்

பதில்: தம்பி, அந்தப் புள்ளி நெருப்போட போட்டோ இல்ல. படத்த சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு, சுத்தியிருக்குற தரையவிட ஒரு கட்டம் ரொம்ப சூடா இருக்குன்னு கம்ப்யூட்டர் போடுற கணக்கு. சாட்டிலைட்ல இருக்குற மோடிஸ்ங்கிற கருவிக்கு ஒரு கட்டம் 1 கிலோமீட்டர், அதுக்கப்புறம் வந்த வீயர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். சுமத்ராவுல எரியுறதுல பெரும் பங்கு பீட் மண்ணு, மக்குன செடிகொடி பல மீட்டர் ஆழத்துக்கு சேர்ந்து கெடக்குறது, அது கொழுந்துவிட்டு எரியாது, அடியில கனிஞ்சுக்கிட்டே கெடக்கும், மேல சூடு கம்மி புகை மட்டும் ஏராளம், அதனால சாட்டிலைட் கண்ணுக்கு மாட்டாம போயிடும். மேகம் மறைச்சாலும் புள்ளி விழாது. 'இன்னைக்கு புள்ளி கம்மி, நிலைமை பரவால்ல'ன்னு யாராவது சொன்னா நான் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன்.

கேள்வி: படத்துல எங்க ஊர் மேல புகை, ஆனா வாசல்ல ஒரு வாடையும் இல்ல. பிள்ளைய விளையாட அனுப்பலாமா?
- வாசகி, மூவார்

பதில்: படம் மேலேர்ந்து கீழ வரைக்கும் மொத்தமா சேத்துப் பாக்குதும்மா, புகை உங்க தலைக்கு ரெண்டு கிலோமீட்டர் மேல போய்க்கிட்டிருந்தாலும் அதே சாம்பல் கலர்தான் தெரியும். மூக்குக்கு வர்றத சொல்றது தரையில வச்சிருக்குற மிஷின்தான். 2013 ஜூன் 23 காலையில உங்க ஊர்லயே ஐபியு, அதாவது காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்ற எண், 746 போய் அவசரநிலை அறிவிச்சாங்க, ஞாபகம் இருக்கும். இன்னைக்கு அனுப்பலாமான்னு ஐபியுவப் பாருங்க, 100க்கு மேலன்னா வேணாம். நாளைக்கு எப்படி இருக்கும்னு யோசிக்கும்போது மட்டும் சாட்டிலைட் படத்தையும் காத்து திசையையும் பாருங்க.