மயக்க மருந்தால் ஜீரண நீர் வற்றிப்போகுமா?

தோள்பட்டை அறுவைக்காக அம்மாவுக்கு முழு மயக்கம் கொடுத்து ஒன்பது நாளாகிறது, பசியே எடுக்கவில்லை, வயிறு உப்பலாக இருக்கிறது, மலம் போய் நான்கு நாள் ஆகிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மயக்க மருந்து ஜீரணச் சுரப்பை முடக்கிவிட்டது, மூன்று மாதம் என்சைம் சிரப்பும் நச்சு நீக்கும் பவுடரும் சாப்பிடணும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறாராம். வாங்கலாமா?

வேண்டாம். முதலில் அம்மாவின் வலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாரசிட்டமால் 325 என்று போட்டிருக்கும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் டிரமடால் 37.5 என்று இருக்கிறதா? இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

மயக்க மருந்து குடலைத் தொடாது என்று சொல்ல வரவில்லை. சாப்பாட்டை நினைத்தாலே மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக வயிற்றுக்குச் சேதி போகும், கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன் ஏறும், அமிலம் ஊறும். ஆழ்ந்த மயக்கத்தில் இந்தச் சேதிப் போக்குவரத்து மந்தமாகிறது, குடலின் அசைவும் குறைகிறது. ஆனால் சுரப்பு அப்போதும் அடியோடு நிற்பதில்லை. வெறும் வயிற்றிலும் அமிலம் ஊறுகிறது, மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதே என்பதுதான் மயக்க மருத்துவர்களான எங்கள் பயம். மயக்கத்துக்குக் கொடுக்கும் புரோபோஃபாலும் செவோஃப்ளூரேனும் பெரும்பாலும் அன்றைக்கே உடம்பைவிட்டுப் போய்விடும். வயிற்றையே திறந்து செய்யும் அறுவைக்குப் பிறகுகூட சிறுகுடல் ஒரு நாளுக்குள், இரைப்பை ஓரிரு நாளில், பெருங்குடல் மூன்று நாள் வாக்கில் வேலைக்குத் திரும்பிவிடும். உங்கள் அம்மாவுக்கு யாரும் வயிற்றில் கையே வைக்கவில்லை.

டிரமடால், கோடீன், மார்ஃபின் எல்லாம் ஒரே குடும்பம். வலியைக் குறைக்கும் அதே மருந்து குடல் சுவரிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடல் நகராது, உள்ளே நீர் சுரப்பது குறையும், இருக்கிற நீரையும் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், மலம் இறுகும், வயிறு உப்பும், பசி ஓடிப்போகும். ஆக, சுரப்பு குறைந்தது நிஜம்தான், அதைச் செய்தது தினமும் விழுங்கும் மாத்திரை. இதை எழுதிக்கொடுக்கும்போதே கூட ஒரு மலமிளக்கியையும் எழுத எவ்வளவு நேரமாகும்? பல டிஸ்சார்ஜ் சீட்டுகளில் அந்த ஒரு வரி இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் சிரப் விற்பவர் புகுந்துகொள்கிறார், தானாகச் சரியாகிற உடம்புக்கான நல்ல பெயரைத் தன் பவுடருக்கு வாங்கிக்கொள்கிறார். என்சைம் மருந்து கணையம் கெட்டவர்களுக்கானது.

அறுவை செய்த மருத்துவரைக் கூப்பிட்டு, வெறும் பாரசிட்டமாலுக்கு மாறலாமா என்று கேளுங்கள், ஒன்பதாம் நாளில் பலருக்கு அது போதும். லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள், வேலை செய்ய ஒன்றிரண்டு நாளாகும். தண்ணீர் குடிக்கட்டும், வீட்டுக்குள்ளாவது நடக்கட்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மா சர்க்கரைக்கோ எடைக்கோ வாரம் ஒருமுறை செமாக்ளூடைட் மாதிரி ஊசி போடுகிறாரா? அப்படியென்றால் கதை வேறு. அது குடல் ஹார்மோன் ஒன்றின் நகல், பசியை அடக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். இந்த ஊசி போடுபவர்களுக்கு மணிக்கணக்கில் பட்டினி கிடந்தும் வயிற்றில் சாப்பாடு மிச்சமிருக்கலாம், மயக்கத்தில் அது மேலே வந்தால் ஆபத்து. எடைக்காகப் போடுபவர்கள் அதை மருந்தாகவே நினைப்பதில்லை, மருத்துவமனையில் சொல்வதும் இல்லை. அடுத்த முறை எந்த அறுவைக்குப் போனாலும் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். கடைசி ஊசி என்றைக்கு, அளவு என்ன, குமட்டல் இருக்கிறதா என்பது வரை. முந்தின நாள் முழுக்க நீர் ஆகாரம் மட்டும் எடுக்கச் சொல்லலாம், ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றபடி வயிறு சரியாகக் காலியாகும் ஒருவர் 2 மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று வழிகாட்டி நெறிகள் எப்போதோ சொல்லிவிட்டன, நம் வார்டுகள் பலவோ இன்னும் எல்லோரையும் நள்ளிரவிலிருந்து வாய் வறளப் போடுகின்றன. இந்த ஊசி பற்றிக் கேட்க மட்டும் பல மருத்துவமனைப் படிவங்களில் இடமில்லை.

காற்றுகூடப் பிரியாமல் வயிறு கல்லாகி, திரும்பத் திரும்ப வாந்தி, காய்ச்சல் அல்லது தாங்க முடியாத வலி வந்தால் மாத்திரை, சிரப் எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.