பழைய பேஸ்பால் பக்கங்களை வெட்டலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது. நாற்பதுகளில் வந்தவை, நிறைய பேஸ்பால் பக்கங்கள் இருக்கின்றன. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன்தான், ஆனால் இங்கே வந்தபின் இந்த ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. ஆட்டச் செய்திகளை மட்டும் வெட்டி லேமினேட் செய்து வைக்கலாமா? இருபதாம் நூற்றாண்டில் மேஜர் லீக்கில், அதாவது இங்குள்ள உச்சநிலை பேஸ்பாலில், இறங்கிய முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன், அவருடைய முதல் ஆட்டச் செய்தியும் வாங்க ஆசை. எந்தப் பத்திரிகையைத் தேடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், ஒட்டினால் பிரிக்க முடியாது, தாளில் இருக்கும் அமிலமும் உள்ளேயே கிடந்து அரிக்கும். அந்தக் காலத்துச் செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து நொறுங்கிவிடும். அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, வெயிலும் ஈரமும் அண்டாத அறையில் வையுங்கள், போதும். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டிவிடாதீர்கள்.

சரி, ஏன் வெட்டக்கூடாது? மேஜர் லீக்கில் விளக்கொளியில் நடந்த முதல் ஆட்டமே 1935 மே 24-இல், சின்சினாட்டியில்தான். அதற்குப் பிறகும் பல வருடம் பெரும்பாலும் பகலாட்டம்தான், அதனால் மாலைப் பத்திரிகைகள் ஆட்டம் நடக்க நடக்கவே ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பு போட்டன. முதலில் வந்த பதிப்பை எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவதோடு நின்றிருக்கும், அதற்கு மேல் வெறும் இடம். டீ இடைவேளை ஸ்கோரை மாலைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு மறுநாள் காலை வரை தவித்தவர்களுக்கு இதன் ருசி தெரியும். முடிவு இல்லையே என்று வெட்டுகிறவர் முதலில் தூக்கிப்போடுவது இதைத்தான். எந்தப் பதிப்பு என்ற குறிப்பும் பக்கத்தின் தலையில்தான் இருக்கும், வெட்டினால் அதுவும் போச்சு.

ராபின்சன் விஷயத்துக்கு வருகிறேன். 1947 ஏப்ரல் 15, புரூக்ளின் எபெட்ஸ் ஃபீல்டு மைதானம். ராபின்சனின் அணியான டாட்ஜர்ஸ் 5-3 என்று பாஸ்டன் பிரேவ்ஸை ஜெயித்தார்கள். ஆட்டக் கணக்கை வீரர்வாரியாகத் தரும் பாக்ஸ் ஸ்கோரில் ராபின்சன் பெயருக்கு நேரே மூன்று அட்-பேட் (கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்பு), ஒரு ரன், ஹிட் (அடித்துவிட்டு பேஸை எட்டியது) பூஜ்யம், அவ்வளவுதான். வெள்ளையர் நடத்திய நாளிதழ்கள் பல அந்த நாளை அடக்கித்தான் வாசித்தன. எனவே பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர், பால்டிமோர் ஆப்ரோ-அமெரிக்கன் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளைத் தேடுங்கள். கூரியரின் வெண்டல் ஸ்மித் ராபின்சனோடு ஊர் ஊராகப் போய் எழுதியவர். இவை வார இதழ்கள், செவ்வாய்க்கிழமை ஆட்டம் அந்த வாரக் கடைசியில் தேதியிட்ட இதழில்தான் வரும், 16-ஆம் தேதி கேட்டு ஏமாறாதீர்கள். என்னைக் கேட்டால் பெரிய நாளிதழின் முதல் பக்கத்தைவிட இதற்குத்தான் காசு கொடுப்பேன்.

மறுபதிப்புகளும் நிறைய உலவுகின்றன. அசல் தாள் ஓரத்தில் கருத்து நடுவில் வெளுத்திருக்கும், முழுக்க ஒரே பழுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம், முதுகு ஓரத்தில் தையல் துளை இருந்தால் பயப்பட வேண்டாம். பக்கங்களைச் சின்னதாக ஃபிலிம் சுருளில் படம்பிடிக்கும் மைக்ரோஃபிலிம் எடுத்த கையோடு நூலகங்கள் கழித்துவிட்ட பைண்டு வால்யூமிலிருந்து பிரித்ததாக இருக்கலாம். சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிளின் பச்சைத்தாள் விளையாட்டுப் பகுதியை அந்தக் கறுப்பு-வெள்ளைச் சுருளில் பார்த்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்!

உங்கள் செய்தித்தாள் கட்டுக்குள் மாலைப் பதிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பக்கத்தலைப்பைப் பார்த்து எழுதுங்கள்.