'டேக் ஆஃப்': கழற்றுவதா, கிளம்புவதா, லீவு போடுவதா? கேள்வி பதில்

'டேக் ஆஃப்' பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, அகராதியில் இதற்கு ஏழெட்டு அர்த்தம் போட்டிருக்கிறது. கழற்று, மேலெழும்பு, விடுப்பு எடு, திடீரென்று பிரபலமாகு... எப்படித்தான் மனப்பாடம் செய்வது?

மனப்பாடமே வேண்டாம். 'ஆஃப்' என்கிற அந்தச் சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ஒன்றோடு ஒட்டியிருந்தது அதைவிட்டு விலகுகிறது, அவ்வளவுதான் அது சொல்வது. காலில் இருந்த ஷூ விலகினால் கழற்றுவது, தரையில் இருந்த விமானம் விலகினால் மேலே எழும்புவது, வேலை நாள்களிலிருந்து ஒரு நாளை விலக்கினால் விடுப்பு, விலையிலிருந்து ஒரு தொகையை விலக்கினால் தள்ளுபடி.

அப்புறம் வாக்கியத்தைப் பார்த்து 'எதை?' என்று கேளுங்கள். 'ஷீ டுக் ஆஃப் ஹர் கோட்' என்றால் எதை? கோட்டை. சரி, கழற்றினாள். 'தி பிளேன் டுக் ஆஃப்' என்றால் எதை? பதிலே இல்லை. பதில் இல்லாத இடத்தில் கிளம்பியது, எழும்பியது, வேகமெடுத்தது என்கிற பக்கமாகத்தான் அர்த்தம் போகும். செயப்படுபொருள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், இதை நான் அடித்துச் சொல்வேன்.

கேள்வி: 'டேக் ஆஃப் இட்' என்று எழுதினேன், ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். 'டேக் ஆஃப் தி ஷூஸ்' சரி என்றால் இது ஏன் தப்பு?

அவர் அடித்தது சரிதான். பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடத்திலும் வரலாம்: 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்', இரண்டும் ஒன்றுதான். ஆனால் இட், தெம், ஹிம் மாதிரி பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: 'டேக் இட் ஆஃப்', 'டேக் தெம் ஆஃப்'. 'புட் ஆன்', 'டர்ன் டவுன்', 'பிக் அப்' எல்லாவற்றுக்கும் இதே விதி. மாறாக, செயப்படுபொருள் நீளமாக இருந்தால் அதைக் கடைசியில் வைப்பதுதான் படிக்கச் சுகம், நடுவில் ஏழெட்டுச் சொல்லைத் திணித்துவிட்டு 'ஆஃப்' எங்கே என்று தேட வைக்கக் கூடாது.

இதை 'லுக் ஆஃப்டர்', 'கெட் ஆஃப் தி பஸ்' போன்றவற்றுக்கும் நீட்டிவிடாதீர்கள். அவற்றில் பின்னால் வரும் சொல் முன்னிடைச்சொல் (பிரிப்பொசிஷன்), அதனால் 'லுக் ஆஃப்டர் இட்', 'கெட் ஆஃப் இட்' என்பதுதான் சரி.

கேள்வி: 'டேக் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் தி டேபிள்' என்பதில் இரண்டு பெயர்ச்சொல் வருகிறதே?

நல்ல கேள்வி. இங்கே 'ஆஃப்' முன்னிடைச்சொல்லாக நிற்கிறது. எதை எடுப்பது என்பது முன்னால், எதிலிருந்து எடுப்பது என்பது பின்னால். இந்த வரிசையை மாற்றவே முடியாது. 'ஐ குடன்ட் டேக் மை ஐஸ் ஆஃப் தி ஸ்கிரீன்' என்பதும் இதே அமைப்புதான்.

நாம் அதிகம் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. மேஜையிலிருந்து என்று மனதுக்குள் தமிழில் ஓடுவதால் 'ஆஃப் ஃப்ரம் தி டேபிள்' என்று எழுதிவிடுகிறோம். அந்த 'இலிருந்து' வேலையை 'ஆஃப்' ஏற்கெனவே செய்துவிட்டது, 'ஃப்ரம்' வேண்டாம். ஆனால் விமானத்துக்கு மட்டும் 'டுக் ஆஃப் ஃப்ரம் தி ரன்வே' என்று 'ஃப்ரம்' வரும், ஏனென்றால் அங்கே 'ஆஃப்' வினையோடு ஒட்டிக்கொண்ட பகுதி, எந்த இடத்திலிருந்து என்று சொல்லத் தனியாக ஒரு சொல் தேவைப்படுகிறது.

கேள்வி: 'தி பிளேன் வாஸ் டேக்கன் ஆஃப் பை தி பைலட்' என்று சொல்லலாமா?

சொல்ல மாட்டார்கள். விமானமும் 'டுக் ஆஃப்', விமானியும் 'டுக் ஆஃப்'. விமானத்தைச் செயப்படுபொருளாக ஆக்குவது வழக்கத்தில் இல்லை. அதனால் செயப்பாட்டு வினையும் வராது.

விலக்குவது என்கிற அர்த்தத்தில் செயப்பாட்டு வினை தாராளமாக வரும்: 'ஹிஸ் நேம் வாஸ் டேக்கன் ஆஃப் தி லிஸ்ட்', பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள். செய்திகளில் 'தி பேஷன்ட் வாஸ் டேக்கன் ஆஃப் தி வென்டிலேட்டர்' என்று பார்த்தால் நின்று கவனியுங்கள். வென்டிலேட்டரை அகற்றினார்கள் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. நோயாளி தேறிவிட்டாரா, இனிப் பலனில்லை என்று அகற்றினார்களா என்பதை அடுத்த வரியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டு நல்ல செய்தி என்று யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: மேடம், மேலாளருக்கு 'ஐ டுக் ஆஃப் யெஸ்டர்டே' என்று மெயில் அனுப்பினேன். சரிதானே?

புரிந்துகொள்வார், ஆனால் அது 'நேற்றுக் கிளம்பிப் போய்விட்டேன்' என்றுதான் ஒலிக்கும். சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று கிளம்புவதற்கும் பேச்சு வழக்கில் 'டுக் ஆஃப்' உண்டு. விடுப்பு என்றால் நாளை நடுவில் வையுங்கள்: 'ஐ டுக் யெஸ்டர்டே ஆஃப்', 'ஐ ஆம் டேக்கிங் ஃப்ரைடே ஆஃப்', 'கேன் ஐ டேக் டூ டேஸ் ஆஃப்?' நாள் இல்லாவிட்டால் 'டேக் சம் டைம் ஆஃப்' என்று டைமையாவது போடுங்கள். இதில் ஒரு சொல்லை இடம் மாற்றினாலே அர்த்தம் எங்கேயோ போய்விடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: 'டிபார்ட்', 'டேக் ஆஃப்', 'லிஃப்ட் ஆஃப்' மூன்றும் ஒன்றா?

இல்லை. 'டிபார்ட்' என்பது புறப்பாடு. டிக்கெட்டில் போட்டிருப்பது பொதுவாக விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகரும் நேரம். ஓடுபாதையில் ஓடிச் சக்கரம் தரையைவிட்டு எழும்புவதுதான் 'டேக் ஆஃப்', அது கொஞ்ச நேரம் கழித்து நடக்கும். ராக்கெட்டுக்கு 'லிஃப்ட் ஆஃப்'. செங்குத்தாக எழும்புவதால் அப்படி என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியான காரணம் இல்லை, ஹெலிகாப்டரும் நின்ற இடத்திலிருந்தே எழும்புகிறது, அதற்கு 'டேக் ஆஃப்' என்றே சொல்கிறார்கள்.

எதிர்ச்சொல் கேட்டவருக்கு: விமானத்துக்கு 'லேண்ட்', உடைக்கு 'புட் ஆன்'.

கேள்வி: 'சேல்ஸ் டுக் ஆஃப்' என்றால் விற்பனை கூடியது என்று எழுதினால் போதுமா?

போதாது. மெதுவாகக் கூடுவதற்கு இதைச் சொல்ல மாட்டார்கள். அதுவரை மந்தமாகக் கிடந்தது திடீரென்று சூடுபிடித்தால்தான் 'டுக் ஆஃப்'. 'சூடுபிடித்தது' என்றே மொழிபெயர்க்கலாம், அழகாகப் பொருந்துகிறது. 'தி ஐடியா நெவர் ரியலி டுக் ஆஃப்' என்றால் அந்த யோசனை கடைசிவரை எடுபடவே இல்லை. பொருளாதாரம் படிப்பவர்கள் இதையே பெயர்ச்சொல்லாகப் பார்த்திருப்பீர்கள்: பொருளாதார அறிஞர் ரோஸ்டோவ் 1960இல் சொன்ன வளர்ச்சியின் ஐந்து கட்டங்களில் மூன்றாவதற்கு 'டேக்-ஆஃப்' என்றுதான் பெயர்.

பெயர்ச்சொல் என்றதும் இன்னொன்று. அப்போது சேர்த்தோ சிறு கோடு போட்டோ எழுத வேண்டும், உச்சரிப்பில் அழுத்தம் 'டேக்' மேல் விழும். வினையாக வந்தால் பிரித்து எழுதி 'ஆஃப்' மேல் அழுத்தம் கொடுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் காதில் விழும்.

கேள்வி: 'ஹி டேக்ஸ் ஆஃப் த பாஸ் வெல்' என்று ஒரு கதையில் படித்தேன். முதலாளியைக் கழற்றிவிடுகிறான் என்றா?

அவரை மாதிரியே நடித்துக் காட்டுகிறான், மிமிக்ரி. இது பிரிட்டிஷ் வழக்கு. படித்தால் புரிந்தால் போதும், நீங்கள் எழுதும்போது 'மிமிக்' என்றே போடுங்கள்.

கேள்வி: 'டேக் ஆஃப் தி லைட்' சரியா?

இல்லை. விளக்குக்கு 'டர்ன் ஆஃப்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப்'. விளக்கையே கழற்றி எடுப்பதாக இருந்தால் தவிர.

கேள்வி: 'டேக் ஆஃப்', 'டேக் அவுட்' இரண்டில் எதை எங்கே போடுவது?

மேலே இருப்பதற்கு 'ஆஃப்', உள்ளே இருப்பதற்கு 'அவுட்'. மூக்குக் கண்ணாடிக்கு 'டேக் ஆஃப்', காண்டாக்ட் லென்ஸுக்கு 'டேக் அவுட்'. முகத்தில் போட்ட மேக்கப்புக்கு 'டேக் ஆஃப்', பையில் வைத்த பேனாவுக்கு 'டேக் அவுட்'. எழுத்தில் கொஞ்சம் முறையாக இருக்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் 'ரிமூவ்' போட்டுக்கொள்ளலாம், ஆனால் வீட்டில் குழந்தையிடம் ஷூவை 'ரிமூவ்' பண்ணு என்று சொன்னால் அறிவிப்புப் பலகை பேசுவது போல் இருக்கும், அங்கே 'டேக் ஆஃப்'தான்.