வாசகர் கேள்வி – பதில்: கச்சேரிக் கேசட்டுகளும் லினக்ஸும்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். என் தந்தையார் வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்த 200 கச்சேரிக் கேசட்டுகளை, 2016-இல் வாங்கிய மடிக்கணினியில் ஏற்றி வருகிறேன். இப்போது விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தக் கணினியில் ஏறாது என்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் தாத்தா என்கிறாள் பேத்தி. இந்த வயதில் மாறலாமா? தமிழ்99 விசைப்பலகையில்தான் எனக்குப் பழக்கம். – மயிலாப்பூர் வாசகர்.

பதில்: தாராளமாக மாறலாம் ஐயா. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவது) 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோடு ஓரளவு புதிய செயலியையும் கேட்பதால்தான் தங்கள் கணினி ஒதுக்கப்படுகிறதே தவிர, அதில் பழுதொன்றும் இல்லை. லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி நினைவகம் இருந்தால் சிரமமின்றி ஓடும்.

ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதலில் மென்பொருள்களை மாற்றுங்கள். இயங்குதளம் பிறகு மாறட்டும். ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் லிப்ரே ஆபீஸ், படங்களுக்கு கிம்ப் ஆகிய மூன்றும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுபோலவே இயங்குபவை, இலவசமானவை. இவற்றை இப்போதுள்ள விண்டோஸிலேயே நிறுவி ஒரு மாதம் புழங்கிவிட்டால், பிறகு லினக்ஸுக்குப் போகும்போது கை பழகிய கருவிகள் அப்படியே உடன் வரும். மாற்றம் கசந்து திரும்பி வந்தவர்களில் நான் அறிந்த பலரும், இயங்குதளத்தையும் மென்பொருளையும் ஒரே வாரத்தில் மாற்றியவர்கள்.

அடுத்து, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் (அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் காலியானதாக இருக்கட்டும்) மின்டை ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, அச்சுப்பொறி அச்சடிக்கிறதா, கேசட் பிளேயரின் ஒலி பதிவாகிறதா என்று அன்றே தெரிந்துவிடும். நிறுவும் நாளுக்கு முன்பு எல்லாக் கோப்புகளையும் வெளி வன்வட்டில் நகலெடுத்துவிடுங்கள். இதில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

தமிழ்99 பற்றிய கவலையே வேண்டாம். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்ற பன்மொழி விசைப்பலகைத் தொகுப்பையும் நிறுவினால் பட்டியலில் தமிழ்99 வரும். க-வை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும் பழைய சௌகரியமும் அதில் உண்டு.

கேசட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு உண்மையான கவலை அவற்றின் மீதுதான். சென்னையின் ஈரக் காற்றில் நாடா பூஞ்சை பிடிக்கும். வெண்புள்ளி தெரியும் கேசட்டை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள், சுத்தம் செய்யாமல் ஓட்டவும் செய்யாதீர்கள். பதிவு செய்வதற்கு இணையம் தேவையில்லை. ஆகவே இயங்குதளம் மாறும் வரை, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு இருக்கிற விண்டோஸிலேயே பதிவைத் தொடருங்கள். பல மடிக்கணினிகளில் இப்போது மைக்குக்கும் ஹெட்போனுக்கும் ஒரே துளைதான். அதன் வழியே பதிவு செய்தால் ஸ்டீரியோ கிடைக்காது. அதனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் யுஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கும்போது லைன்-இன் துளை (பிளேயர் போன்ற கருவிகளின் ஒலியை உள்வாங்கும் துளை) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 635 எம்பி ஆகும். 60 நிமிடக் கேசட்டுகள் 200 என்றால் ஏறத்தாழ 127 ஜிபி. ஃப்ளாக் வடிவில் சேமித்தால், ஒலி சிறிதும் குறையாமல் இதில் ஏறக்குறைய பாதி இடமே போதும்.

இரைச்சல் நீக்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆடாசிட்டி, எது இரைச்சல் என்பதற்கு ஒரு மாதிரியை நம்மிடமே கேட்கும். என் வீட்டுக் கேசட் ஒன்றில், பாட்டு தொடங்குமுன் வரும் சில விநாடிகளை அமைதி என்று நினைத்து மாதிரியாகக் கொடுத்துவிட்டேன். அங்கே தம்புரா மெல்ல மீட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கச்சேரி முழுவதிலும் சுருதி தேய்ந்து, பாடகரின் குரல் பிடிமானமின்றித் தனியே நின்றது. மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். எதுவும் பதிவாகாத வெற்று நாடா ஓடும் இடத்திலிருந்து மட்டுமே மாதிரியை எடுங்கள். நீக்கும் அளவையும் குறைவாகவே வையுங்கள். நாடாவின் மெல்லிய சீறல் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் நான் தட்டச்சு செய்த சமையல் குறிப்புகள் லினக்ஸில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரிகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா? – அம்பத்தூர் வாசகி.

பதில்: கெடவில்லை அம்மா. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு பாமினி. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் இப்படித்தான் தெரியும். அதை லினக்ஸிலும் நிறுவினால் குறிப்புகளை உடனே படித்துவிடலாம். ஆயினும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிலையான தீர்வு. தமிழக அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றுவிட்டது. இதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் ஒரே ஒரு கோப்பை மாற்றி, கொ, கோ, கௌ போன்ற கொம்பு வரும் எழுத்துகளும், அளவு குறிக்கும் எண்களும் பின்னங்களும் சரியாக வந்துள்ளனவா என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.