ஊதா முடியோட லீஹைக்கு வரலாமா?

வணக்கம் தங்கச்சி. உங்க கேள்வியைப் படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு, பழைய ஞாபகமும் வந்துச்சு. ஜூலைல டல்லாஸ்ல இருந்து யூட்டாவுக்கு, அதுவும் லீஹைக்கு வர்றீங்க. பொண்ணுக்கு 15 வயசு, முடி முழுக்க ஊதா. உங்களுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி, வீட்டுக்காரருக்குத் தாடி. "அங்க அக்கம்பக்கம் பூரா மார்மன்களாமே அக்கா, முடியைக் கறுப்பாக்கித்தான் கூட்டிட்டு வரணுமா?"ன்னு கேட்டிருக்கீங்க. மார்மன்னா, ஜோசப் ஸ்மித் அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு கிறிஸ்தவச் சர்ச்சைச் சேர்ந்தவங்க.

வேண்டாம். அப்படியே கூட்டிட்டு வாங்க. சாய டப்பாவை மட்டும் பூட்டி வைங்க. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

நான் மதுரைல இருந்து இங்க வந்து 14 வருஷம் ஆச்சு. என் பொட்டையோ மூக்குத்தியையோ பார்த்து இதுவரை ஒருத்தரும் முகம் சுளிச்சதில்ல. குடி வந்த ரெண்டாம் நாளே தட்டு நிறைய குக்கீயோட வாசல்ல நிப்பாங்க. உங்க பொண்ணைப் பார்த்து, "முடி ரொம்ப ஃபன்னா இருக்கே!"ம்பாங்க. அந்த "ஃபன்"ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் கவனிச்சு வைங்க. பொண்ணு பார்க்க வந்தவங்க காபியைக் குடிச்சுட்டு "பரவாயில்ல"ம்பாங்களே, அந்த ரகம். பாராட்டறாங்களா பொறுத்துக்கறாங்களான்னு குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். நேருக்கு நேர் குறை சொல்ற பழக்கம் இங்க கிடையாது.

விதின்னு பார்த்தா, முடி நிறத்துக்கு அவங்க வேதத்துல ஒண்ணும் இல்ல. காபி, டீ, மது, புகையிலை கூடாதுங்கிறதுக்கு 1833-ல ஜோசப் ஸ்மித் கொடுத்த வெளிப்பாடு இருக்கு. முடிக்கு அப்படி எதுவும் கிடையாது. அவங்க கோயிலுக்குள்ள போக பிஷப்கிட்ட, அதாவது உள்ளூர் சபைத் தலைவர்கிட்ட, பேட்டி கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கணும். அந்தக் கேள்விகள்லயும் தலைமுடி வராது. தோற்றம் பத்தின பேச்செல்லாம் பெரும்பாலும் இளைஞர்களுக்குன்னு சர்ச் போடற ஒரு சின்னக் கையேட்டுல இருந்து வர்றது. 1965-ல ஆரம்பிச்சு பல தடவை மாத்தி எழுதியிருக்காங்க. 2000-ல அப்போ தலைவரா இருந்த கார்டன் ஹிங்க்லி, பொண்ணுங்களுக்கு ஒரு ஜோடித் தோடு போதும்னு பேசினார். 2011 பதிப்புல அது அச்சுலயே இருந்துச்சு. கூடவே பச்சை குத்தாதே, சிகையில அதீதம் வேண்டாம்னும் இருந்துச்சு. 2022 அக்டோபர்ல புதுசு வந்தப்போ தோட்டுக் கணக்கையெல்லாம் எடுத்துட்டு, யோசிச்சு நீயே முடிவு பண்ணுன்னு பொதுவா விட்டுட்டாங்க.

புஸ்தகம் மாறிடுச்சு, காது மாறலியே! எங்க பக்கத்து வீட்டம்மா 2000-ல காலேஜ் பொண்ணு. அந்தப் பேச்சைக் கேட்ட அன்னிக்கு ராத்திரியே ரெண்டாவது தோட்டைக் கழட்டி வச்சவங்க. காது மடல்ல அந்த ஓட்டை தூர்ந்து, மிளகு அளவுக்கு ஒரு புள்ளி இன்னும் இருக்கு. "இப்பதான் சொல்லிட்டாங்களே, மறுபடி போட்டுக்கலாமே?"ன்னு ஒருநாள் கேட்டேன். சிரிச்சாங்க. விரல் மட்டும் தானா போய் அந்தப் புள்ளியைத் தடவுச்சு. உங்க பொண்ணு முடியைப் பார்க்கப் போறது இந்த வயசு ஆளுங்கதான். அவங்க கண்ணுல ஒரு நொடி எதாவது ஓடினா, அது உங்க பொண்ணு மேல கோபம்னு எடுத்துக்காதீங்க.

வீட்டுக்காரர் தாடிக்கு வர்றேன். இங்கிருந்து அரை மணி நேரத் தூரத்துல ப்ரோவோவுல பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இருக்கு, சர்ச்சோடது. அங்க ஆம்பளைப் பசங்க தாடியை மழிச்சிருக்கணும், முடி நிறத்துல அதீதம் கூடாது. 2023-ல விதியைத் திருத்தினப்போகூட இந்த ரெண்டையும் விடல. வேடிக்கை என்னன்னா, அதே வளாகத்துல நிக்கற பிரிகாம் யங் சிலைக்கே தாடி உண்டு. 1971-ல அங்க தலைவரா இருந்த டாலின் ஓக்ஸ் இதுக்குப் பட்டுனு ஒரு காரணம் சொன்னார்: தாடியில தப்பே இல்ல, ஆனா இந்தக் காலத்துல அது ஹிப்பிக்கும் கலகத்துக்கும் அடையாளமாயிடுச்சு, அதனாலதான். அந்த ஓக்ஸ்தான் 2025 அக்டோபர்ல இருந்து மொத்த சர்ச்சுக்கும் தலைவர். ஹிப்பி போயாச்சு, விதி போகல. மருத்துவம், வேற மத நம்பிக்கைன்னு காரணம் இருந்தா விலக்கு உண்டு.

நான் இங்க புரிஞ்சுக்கிட்டது இந்த ஒரு விஷயம்தான். தாடியோ ஊதாவோ அவங்களுக்குப் பாவம் இல்ல. நீ எந்தப் பக்கம்ங்கிறதைக் காட்டற கொடி. நீங்க அவங்க பக்கமே இல்லைங்கிறதால உங்க கொடியை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க. இங்க "அவங்க மெம்பரா?"ன்னு ஒரு கேள்வி அடிக்கடி காதுல விழும். மெம்பர் இல்லைன்னா உங்களுக்கு எல்லாமே மன்னிப்பு. அந்த மன்னிப்பு சிலசமயம் தனியா நிக்க வச்சிடும், அதையும் சொல்லிடறேன். உங்க பொண்ணு போகப்போற ஹைஸ்கூலை ஒட்டியே சர்ச்சோட செமினரி கட்டடம், அதான் மத வகுப்பு நடக்கற இடம், இருக்கும். நிறையப் பிள்ளைங்க அட்டவணையிலயே ஒரு பீரியடை அதுக்குன்னு ஒதுக்கி, அங்க வேதம் படிக்கப் போயிடுவாங்க. மீதிப் பிள்ளைங்களோட இவ வேற வகுப்புல உட்கார்ந்திருப்பா. முதல் வாரம் அழுதுட்டு வந்தா, காரணம் முடி இல்ல, அந்த ஒரு பீரியடாத்தான் இருக்கும்.

இப்ப சாய டப்பா கதை. 2019. என் பொண்ணுக்கு அப்போ 14, அந்தப் பக்கத்து வீட்டம்மா மகளுக்கும் அதே வயசு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பொண்ணு மருந்துக் கடைல வாங்கின ரோஸ் கலர் சாயத்தை ரெண்டு பேரும் எங்க பாத்ரூம்ல பூசிக்கிட்டாங்க. என் மக முடி கறுப்பு, வெயில்ல நின்னாத்தான் நிறம் தெரியும். அந்தப் பொண்ணுக்கு வைக்கோல் நிற முடி. பத்தே நிமிஷத்துல ரோஸ்மில்க்! ஞாயித்துக்கிழமை அவ அண்ணன் ரெண்டு வருஷம் மிஷனுக்கு, அதான் மதப் பிரசாரத்துக்கு, போறதுக்கு முன்னாடி சர்ச்சுல பேசப் போறான், ஐடஹோல இருந்து தாத்தா பாட்டி வர்றாங்க, குடும்பப் போட்டோ எடுக்கணும். இதெல்லாம் எனக்கு எங்க தெரியும்?

எட்டரை மணிக்குக் கதவைத் தட்டினாங்க அந்தம்மா. சத்தம் போடல. சிரிச்ச முகம்தான், கழுத்து மட்டும் சிவந்திருந்துச்சு. "எத்தனை தடவை அலசினா போகும்?"னு ஒரே கேள்வி. பொடுகு ஷாம்புவுல விட்டமின் சி மாத்திரையைப் பொடிச்சுப் போட்டா சாயம் வெளுக்கும்னு யாரோ சொன்னதை வச்சு, நான் இஞ்சி நசுக்கற சின்ன உரல்லயே மாத்திரையை இடிச்சேன். அந்தப் பொண்ணு கிச்சன் சிங்க்ல தலையைக் குனிஞ்சு நிக்குது. அவங்க தேய்க்கறாங்க, நான் தண்ணி ஊத்தறேன். நாலு தடவை. ரோஸ்மில்க் போய் பழுத்த சீமை அத்தி மாதிரி ஒரு நிறத்துல நின்னுடுச்சு. அதுக்கு மேல அசையல.

ஞாயித்துக்கிழமை என்னையும் கூப்பிட்டாங்க, பட்டுப் புடவையில போனேன். இறுக்கப் பின்னி உள்ள மடிச்சிருந்தும் ஜன்னல் வெளிச்சத்துல தெரியத்தான் தெரிஞ்சுது. பிஷப் வாசல்ல நின்னு எல்லாருக்கும் கை கொடுத்தார். இங்க பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. அவர் வார நாள்ல பல் டாக்டர். அந்தப் பொண்ணைப் பார்த்து, "ஃபன்!"னார். அவ்வளவுதான். பொண்ணு காது வரைக்கும் ரோஸ்மில்க் ஏறிடுச்சு.

யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லல. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அந்தப் பொண்ணு எங்க வீட்டுப் பக்கம் வரல. என் பொண்ணைத்தான் அவங்க வீட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. இவங்க கதவைச் சாத்தறது இப்படித்தான், தங்கச்சி. உங்க பொண்ணு முடிக்கு உங்க பொண்ணு விலை கொடுக்க மாட்டா. அதைப் பார்த்து ஆசைப்படற பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் கொடுப்பா. அதனாலதான் பூட்டி வைங்கன்னேன்.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். பள்ளிக்கூடம் அரசாங்கத்தோடது, இருந்தாலும் மாவட்டத்து உடை விதியைச் சேர்க்கறப்பவே படிச்சிடுங்க. ஸ்லீவ்லெஸ் போடலாம், ரெண்டு பேர் பார்ப்பாங்க, விடுங்க. சால்ட் லேக் சிட்டிக்குப் போனா உங்க பொண்ணு முடியெல்லாம் அடக்கமான நிறம். "மார்மன்"னு மட்டும் அவங்க முன்னாடி சொல்லாதீங்க. 2018-ல 'தி சர்ச் ஆஃப் ஜீசஸ் கிரைஸ்ட் ஆஃப் லேட்டர்-டே செயின்ட்ஸ்'னு சர்ச்சோட முழுப் பேரையும் சொல்லச் சொல்லி தலைமையே கேட்டுக்கிச்சு.

ஹோலிக்கு மட்டும் மறக்காம வாங்க. ஸ்பானிஷ் ஃபோர்க்ல ராதா கிருஷ்ணர் கோயில், ஆயிரக்கணக்கா கூட்டம். அதுல பெரும்பங்கு இந்தச் சர்ச் பிள்ளைங்கதான். மது இல்லாத திருவிழா, ஆட்டம் பாட்டம், தலை நிறைய பச்சை, மஞ்சள், ஊதா. போன வருஷம் அந்தப் பக்கத்து வீட்டம்மாவையும் இழுத்துட்டுப் போனேன். திரும்பி வர்றப்போ கார் சீட்டுல பிளாஸ்டிக் விரிச்சு உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பித் தன் தலையையே பார்த்துக்கிட்டு வந்தாங்க. முன் முடி பூரா ஊதா. "நாளைக்கு ஞாயிறு. இது ஒரு அலசுல போயிடுமா?"ன்னாங்க.

போயிடும்னேன்.

"அப்படியா"ன்னு கண்ணாடியை மூடிட்டாங்க.