லினக்ஸ் கெர்னலுக்குள் வெக்டார் கட்டளைகள்: டெல்டா வாசகர்களுக்குப் பதில்கள்

கெர்னல் மாட்யூலில் 'டபுள்' வைத்து ஒரு ஃபங்ஷன் எழுதினேன். எஸ்எஸ்இ அணைக்கப்பட்டிருக்கிறது என்று கம்பைலர் திட்டுகிறது. மேக்ஃபைலில் அதைத் திறந்துவிட்டால் போதுமா?
*– பொறியியல் மாணவர், கும்பகோணம்*

கம்பைல் ஆகிவிடும். ஆபத்தும் அங்கேதான் தொடங்கும். எஸ்எஸ்இ என்பது எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) பிராசஸர்களில் ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வெக்டார் கட்டளைத் தொகுப்பு. 'டபுள்' போன்ற தசம எண் கணக்கும் அதன் ரெஜிஸ்டர்களில்தான் நடக்கும்.

ஒரு புரோகிராம் சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) வழியாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் வரும்போது பொது ரெஜிஸ்டர்கள் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) மட்டுமே பத்திரப்படுத்தப்படும். வெக்டார் ரெஜிஸ்டர்களில் அந்தப் புரோகிராமின் மதிப்புகள் அப்படியே கிடக்கும். ஊர்க் களத்தில் அடுத்தவர் நெல் காயும்போது, அதை அள்ளி ஓரம் கட்டாமல் உங்கள் நெல்லைக் கொட்டுவது போலத்தான் நீங்கள் செய்யப்போவது. கெர்னல் பேனிக் (கெர்னலே நின்றுபோவது) வந்தால்கூடப் பரவாயில்லை, வராது. எங்கோ ஓடும் வேறொரு புரோகிராமின் கணக்கு சத்தமில்லாமல் தப்பாகும். உங்கள் மாட்யூல்மேல் யாருக்கும் சந்தேகம்கூட வராது.

எப்போதும் ஏன் சேமிப்பதில்லை என்றால், அளவு அப்படி. எஸ்எஸ்இ ரெஜிஸ்டர்கள் 16, தலா 16 பைட். மொத்தம் 256 பைட். அதைவிட அகலமான ஏவிஎக்ஸ்-512 என்றால் 32 ரெஜிஸ்டர், தலா 64 பைட்; 2 கிலோபைட். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் இதைத் தூக்கிச் சுமக்க முடியாது.

எக்ஸ்86-இல் முறையான வழி இது: கெர்னல்_எஃப்பியு_பிகின் அழையுங்கள் (புரோகிராமின் வெக்டார் மதிப்புகளை அது பத்திரப்படுத்தும்), வேலையை முடியுங்கள், கெர்னல்_எஃப்பியு_எண்ட் அழையுங்கள். வெக்டார் கணக்கை மட்டும் தனி சி ஃபைலில் வைத்து, அந்த ஃபைலுக்கு மட்டும் எஸ்எஸ்இ-யைத் திறந்துவிடுங்கள். ஒரே ஃபங்ஷனுக்குள் எல்லாவற்றையும் எழுதினால், கம்பைலர் தன் இஷ்டத்துக்கு ஒரு வெக்டார் கட்டளையைப் பிகினுக்கு மேலே நகர்த்திவிடலாம். ஏஎம்டி டிஸ்ப்ளே டிரைவரில் ஃப்ளோட்டிங் பாயின்ட் கணக்குகள் இப்படித்தான் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

பிகினுக்கும் எண்டுக்கும் நடுவில் என்னவெல்லாம் செய்யக் கூடாது?
*– மென்பொருள் ஊழியர், தஞ்சாவூர்*

தூங்கக் கூடாது, அதாவது பிராசஸரை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்தே வருகிறது. மியூட்டெக்ஸ் (காத்திருக்க வைக்கும் பூட்டு) எடுக்காதீர்கள். ஜிஎஃப்பி_கெர்னல் கொடுத்து மெமரி கேட்காதீர்கள், அதுவும் காத்திருக்க வைக்கலாம். தேவையானதைப் பிகினுக்கு முன்பே வாங்கி வையுங்கள். காப்பி_ஃப்ரம்_யூசர் (யூசர் புரோகிராமின் மெமரியிலிருந்து நகலெடுப்பது) வேண்டாம், அதில் பேஜ் ஃபால்ட் (கேட்ட பக்கம் மெமரியில் இல்லாத நிலை) வந்தால் காத்திருக்க நேரும். ஒரு பிகினுக்குள் இன்னொரு பிகின் போடாதீர்கள்.

எக்ஸ்86-இல் இந்த இடைவெளி முழுக்க அந்தக் கோரில் வேறு டாஸ்க் ஓட முடியாது. எனவே பெரிய பஃபரை ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். கெர்னலின் சாசா20 குறியாக்கம் 4 கிலோபைட் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு பிகின், ஒரு எண்ட் என்று போகிறது. ஆர்ம்64-இல் நிலைமை கொஞ்சம் இளகியிருக்கிறது: 2024-இல் வந்த லினக்ஸ் 6.8 பதிப்பு முதல், கெர்னலின் நியான் (ஆர்ம் பிராசஸரின் வெக்டார் கட்டளைகள்) பகுதி நடுவிலும் டாஸ்க் மாறலாம். அதை நம்பி எக்ஸ்86-க்கும் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (சாதனம் குறுக்கிடும்போது ஓடும் நிரல்) வெக்டார் கட்டளைகளைப் பயன்படுத்தலாமா?
*– நாகப்பட்டினம் வாசகர்*

மே_யூஸ்_சிம்ட் என்ற ஃபங்ஷனைக் கேட்டுப் பாருங்கள். 'ஆம்' என்றால் செய்யலாம். 'இல்லை' என்றால் சாதாரணக் கட்டளைகளால் அதே வேலையைச் செய்யும் மாற்றுப் பாதை கட்டாயம் இருக்க வேண்டும். யூசர் புரோகிராமின் வெக்டார் மதிப்புகளை வைக்க அதன் டாஸ்கோடு ஒரு இடம் உண்டு. கெர்னலே பாதிக் கணக்கில் இருக்கும்போது இன்டரப்ட் வந்தால், அந்தப் பாதிக் கணக்கை வைக்க எக்ஸ்86-இல் இடமே கிடையாது.

பெரும்பாலான நேரம் 'ஆம்' என்றே வருவதால் மாற்றுப் பாதை சோதிக்கப்படாமல் துருப்பிடிக்கும். கிரிப்டோ பகுதியின் கூடுதல் சோதனைகள் வேண்டுமென்றே 'இல்லை' சொல்லவைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

16 பைட் தரவுக்கும் வெக்டார் வேகமா?
*– அதே வாசகர்*

அநேகமாக இல்லை. சேமிக்கும் செலவு லாபத்தைத் தின்றுவிடும். 2019-இல் வந்த லினக்ஸ் 5.2 பதிப்பு முதல், எக்ஸ்86-இல் சேமித்த மதிப்புகளைத் திரும்ப ஏற்றும் வேலை யூசர் புரோகிராமுக்குத் திரும்பும்போதுதான் நடக்கிறது. எனவே ஒரே சிஸ்டம் காலில் இரண்டாவது பிகின் மலிவு. முதல் பிகினுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும்.

வாய்க்கால் மதகில் நீர்மட்ட சென்சார் வைத்து, ராஸ்பெரி பை-க்கு டிரைவர் எழுதுகிறோம். வழிந்தோடும் நீரின் அளவு மட்டத்தின் 1.5 அடுக்குக்கு ஏற்ப மாறும். இந்தக் கணக்கைக் கெர்னலிலேயே நியானில் போடலாமா?
*– வேளாண் பொறியாளர், திருவாரூர்*

போட முடியும். போடாதீர்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். நிமிடத்துக்கு ஒரு அளவு எடுக்கும் சென்சாருக்கு எதற்கு நியான்? டிரைவர் கச்சா எண்ணையும் அளவுக்காரணியையும் கொடுத்தால் போதும். கெர்னலில் சென்சார்களுக்கான ஐஐஓ பகுதி 'ரா', 'ஸ்கேல்' என்று இரண்டு ஃபைல்களாக அதையே தருகிறது. அடுக்குக் கணக்கைப் பைத்தானில் போடுங்கள்.

வேறொரு காரணமும் உண்டு. உங்கள் சூத்திரத்தின் குணகம் நிலையானதல்ல. வண்டல் ஏறினால் மாறும், ஆகாயத்தாமரை அடைத்தால் மாறும். கடைமடையில் கீழ்ப்பக்க நீர் மதகின் மட்டத்துக்கு மேலே எதிர்த்து நின்றால் அந்தச் சூத்திரமே அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாட்யூலைக் கழற்றி மாட்டப்போகிறீர்களா? கெர்னலிலேயே வேண்டும் என்று மேலதிகாரி பிடிவாதம் பிடித்தால், மில்லிமீட்டருக்கு ஓர் எண் என்று முழு எண் அட்டவணை வையுங்கள். ஃப்ளோட்டிங் பாயின்ட்டே வேண்டாம்.

எங்கள் சர்வர் பூட் ஆகும்போது 'ரெய்டு6' என்று ஏவிஎக்ஸ்2, எஸ்எஸ்இ2 பெயர்களோடு வேக எண்கள் வருகின்றன. கோளாறா?
*– கணினி மையம் நடத்துபவர், மயிலாடுதுறை*

இல்லை. ரெய்டு6 என்பது இரண்டு டிஸ்க் பழுதானாலும் தரவைக் காக்கும் முறை. அதற்கான ஒரே கணக்கைப் பல விதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் பிராசஸரில் எது வேகம் என்று கெர்னல் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. 'யூசிங்' என்று வரும் வரியில் இருப்பதுதான் ஜெயித்தது.