எச்சில் தட்டின் எடை

அன்புள்ள ஐயா,

கோவைக்கு அருகே ஒரு கல்லூரியில் முதுகலை படிக்கிறேன். விடுதியில் தங்கியிருக்கிறேன். எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்தின் சார்பில் ஜூன் 5 அன்று உறுதிமொழி எடுத்தோம், 100 மரக்கன்றுகள் நட்டோம், கேன்டீனில் பிளாஸ்டிக் கப்பை நிறுத்திப் பேப்பர் கப் கொண்டுவந்தோம். இரண்டே மாதத்தில் பாதிக் கன்றுகள் காய்ந்துவிட்டன. குப்பை குறையவில்லை. மாணவர்கள் காலை உணவை விட்டுவிட்டுப் பப்ஸும் குளிர்பானமுமாகத் திரிகிறார்கள். மெஸ்ஸில் சோறு வீணாகிறது. அபராதம் போட்டால்தான் திருந்துவார்கள் என்கிறார் எங்கள் பேராசிரியர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

நீங்கள் ஆசையாகக் கொண்டுவந்த பேப்பர் கப்பிலிருந்தே தொடங்குகிறேன், மன்னியுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பையும் ஒன்று. சுடச்சுடத் தேநீர் ஊற்றியும் காகிதம் ஊறிப்போகாமல் நிற்கிறதே, அது அந்தப் பூச்சின் வேலை. உங்கள் குப்பை குறையவில்லை, நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடி கிளாஸுக்குத் திரும்புங்கள் என்றால் கேன்டீன்காரர் "யார் கழுவுவது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. கழுவ ஓர் ஆளும் ஒரு குழாயும் வேண்டும். உறுதிமொழி நாளன்று பேனருக்குச் செலவழித்த பணத்தை அதற்குக் கேட்டுப் பாருங்கள்.

கன்றுகள் காய்ந்ததில் உங்கள் தவறு பாதிதான். உங்கள் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. ஜூன் 5 உலகத்துக்குச் சுற்றுச்சூழல் தினம். உங்கள் மண்ணுக்கு அது வெறும் வெயில் நாள்.

அபராதத்துக்கு நான் உடன்பட மாட்டேன். நான் படித்த காலத்தில் எங்கள் விடுதி மெஸ்ஸின் பின்கட்டில் எச்சில் கொட்டும் பீப்பாய் ஒன்று இருந்தது. பன்றி வளர்ப்பவர் ஒருவர் சாயங்காலம் வந்து எடுத்துப் போவார். சமையல்காரர் அந்தப் பீப்பாயைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவார். ரவை உப்புமா போட்ட நாளில் விளிம்பு வரை நிற்கும், எலுமிச்சைச் சாதத்தன்று அடியில் கிடக்கும். வார்டனோ மாதம் ஒருமுறை "சோற்றை வீணாக்காதீர்கள்" என்று எங்களுக்குச் சொற்பொழிவு ஆற்றுவார். மறுநாள் அதே உப்புமா வரும். (உப்புமா அன்பர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். வீட்டு உப்புமாவைப் பற்றி நான் பேசவில்லை.)

ஆகவே ஒரு தராசு வாங்குங்கள். தட்டு கழுவுமிடத்தில் வைத்து, தினமும் மிச்சத்தை எடைபோட்டு, அன்றைய உணவின் பெயரோடு கரும்பலகையில் எழுதுங்கள். எந்த மாணவர் பெயரும் வேண்டாம். ஒரு மாதக் கணக்கை மெஸ் கமிட்டியில் வையுங்கள். ஒரு கிலோ நெல் விளையச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பதையும் அதே பலகையில் எழுதலாம். ஆனால் மெனு மாறாமல் அதை மட்டும் எழுதினால் நீங்களும் வார்டன் ஆகிவிடுவீர்கள்.

பப்ஸ் விஷயமும் இதேதான். கல்லூரி வளாகங்களில் நொறுக்குத்தீனி விற்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2018-இல் மறுபடி நினைவூட்டியது. நினைவூட்ட வேண்டி வந்ததிலிருந்தே முதல் சுற்றறிக்கையின் கதி தெரிகிறது. எட்டரைக்கு வகுப்பு, எட்டுக்கு மெஸ் திறப்பு, வாசலில் நீண்ட வரிசை என்றால் பிள்ளைகள் எங்கே சாப்பிடுவார்கள்? பதினொரு மணிப் பசிக்குக் கண்ணெதிரே இருப்பதைத்தான் வாங்குவார்கள். அரை மணி முன்னதாக மெஸ்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். கேன்டீன் கல்லாவின் பக்கத்தில் சுண்டலையும் அவித்த வேர்க்கடலையையும் வாழைப்பழத்தையும் வைக்கச் சொல்லுங்கள். பப்ஸ் உள்ளே தள்ளியே இருக்கட்டும், வேண்டுபவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

குடிநீர்க் குழாய் கழிப்பறை வாசலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நான் பேசப்போன ஒரு கல்லூரியில் அப்படித்தான் இருந்தது. அங்கே எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில் இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

தராசு வைத்தால் முதல் மாதக் கணக்கை எனக்கும் அனுப்புங்கள். உப்புமா எத்தனையாவது இடம் என்று தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசை.